பழுதான ஒன்றியச் சாலை: மேல்பூச்சா, முழு வலுப்படுத்தலா, கான்கிரீட்டா? போட்ட காசு எதில் திரும்பும்?

தார் பெயர்ந்து ஜல்லி தெரியும் ஒன்றியச் சாலைக்கு நிதி வரப்போகிறது என்றதும் கிராம சபையில் மூன்று கருத்துகள் எழும். மேலே ஒரு கோட்டிங் தார் போட்டால் போதும் என்பார் ஒருவர். அடியிலிருந்து கப்பி போட்டு ரோலர் ஓட்டினால்தான் நிற்கும் என்பார் இன்னொருவர். சிமென்ட் ரோடு போட்டுவிட்டால் இருபது வருடத்துக்குக் கவலையில்லை என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஏதோ ஒரு சாலைக்குச் சரிதான். உங்கள் சாலைக்கு எது சரி என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் இலக்கு ரூ.4,000 கோடியில் 10,000 கி.மீ. சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ரூ.40 லட்சம். ஆனால் எந்தச் சாலையும் சராசரியாகப் பழுதாவதில்லை. ஒரு சாலையிலேயே நூறு மீட்டர் சேறாகியிருக்கும், அடுத்த ஒரு கிலோமீட்டர் உறுதியாக நிற்கும். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: நாளுக்குச் சுமார் 500 வண்டிக்குள் ஓடும் சாலையில் முழு நீளத்துக்கும் ஒரே வேலையைச் செய்தால் பெரும்பாலும் காசு திரும்பாது. தண்ணீர் தேங்கும் இடத்தையும் அடித்தளம் போன பகுதியையும் கண்டுபிடித்து அங்கே பணத்தைக் குவிப்பதே அதிகப் பலன் தரும்.

## எதை வைத்து எடை போடுவது

பழுதின் காரணம். இதைப் பார்க்காமல் போடும் எந்த எஸ்டிமேட்டும் ஊகம்தான். தார் மட்டும் உதிர்ந்து, கீழே கப்பி இறுக்கமாக இருந்தால் மேற்பரப்புக்குத்தான் வயதாகியிருக்கிறது. சக்கரத் தடத்தில் முதலைத்தோல் வெடிப்பும் பள்ளமும் சேர்ந்து வந்தால் அடித்தளம் இளகிவிட்டது. விளிம்பு மட்டும் உடைந்திருந்தால், ஓரத்து பெர்ம் மண் அரித்துப்போய்த் தாருக்குப் பக்கத் தாங்கல் இல்லை என்று பொருள். கண்ணால் பார்த்ததை உறுதிப்படுத்தக் கிலோமீட்டருக்கு மூன்று இடத்திலாவது இரண்டடிச் சதுரமாகத் தோண்டிப் பாருங்கள்; சில குழிகள் சக்கரத் தடத்திலும் சில விளிம்பிலும் இருக்கட்டும். கப்பி எத்தனை மில்லிமீட்டர், இடுக்கில் களிமண் ஏறியிருக்கிறதா, அடியில் ஈரம் இருக்கிறதா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் இந்தச் சோதனையை மழைக்காலம் முடிந்த கையோடு செய்வது நல்லது. கோடையில் அந்த மண் பாறையாகத் தெரியும். நனைந்தால் அதன் தாங்குதிறன் சில மடங்கு குறைந்துவிடும்.

யார், எத்தனை பேர் போகிறார்கள். மூன்று நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒரு முறை, சும்மா இருக்கும் மாதத்தில் ஒரு முறை. அறுவடையில் மட்டும் எண்ணினால் பலன் ஊதிப்போகும். மற்ற மாதத்தில் மட்டும் எண்ணினால் சாலையை உடைக்கும் பாரம் கணக்கில் வராது. சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுப் பாரத்தின் நான்காவது மடியில் ஏறும் என்பது பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. பாரம் இருமடங்கானால் சேதம் 16 மடங்கு. நெல் லாரியும் கரும்பு லோடும் எம்-சாண்ட் டிப்பரும் எத்தனை என்பதைத் தனியாக எழுதுங்கள். 300 டூவீலர் சாலைக்குச் செய்யாத சேதத்தை அதிகப் பாரம் ஏற்றிய ஒரு டிப்பர் செய்துவிடும்.

துண்டிக்கப்படும் நாட்கள். திட்ட அறிக்கைகளில் அதிகம் விடுபடுவது இதுதான். டெல்டாவில் குறுவை அறுவடை முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். தாழ்வான இடத்தில் தண்ணீர் நின்று டிராக்டர் இரண்டு நாள் நகராவிட்டால், குவியலில் இருக்கும் நெல் அந்த வரம்பைத் தாண்டிவிடும். பால் சங்க வண்டிக்கும் இதே நிலைதான். அதனால் சாலை எத்தனை நாள் மூடிக்கிடந்தது, மாற்றுப் பாதை எத்தனை கிலோமீட்டர் என்பதை ஊர்க்காரர்கள், மினி பஸ் ஓட்டுநர், பால் சங்கச் செயலாளர் மூவரிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும் அடிப்படை நிலை. “ஒன்றும் செய்யாவிட்டால்” என்பதற்குச் செலவு பூஜ்யம் என்று எழுதுவது தவறு. ஆண்டுதோறும் குழிக்கு கிராவல் கொட்டும் செலவு எப்படியும் இருக்கும். மறுபுறம், சாலை அடியோடு அழிந்துவிடும் என்று அடிப்படை நிலையை மிகையாகக் கெடுத்துக் காட்டினால் எந்தத் திட்டமும் லாபமாகத் தெரியும்.

ஆயுளும் கழிவு வீதமும். நாளைய ரூபாயை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம் இது. இந்தியச் சாலைத் திட்டங்களில் 12 சதவீதம் வழக்கம். ஆசிய வளர்ச்சி வங்கி 2017-இல் தன் வரம்பை 9 சதவீதமாகக் குறைத்தது. ஊரகச் சாலை போன்ற வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு 6 வரை இறங்க இடமும் கொடுத்தது. கான்கிரீட்டின் தலையெழுத்து இந்த எண்ணில்தான் இருக்கிறது. கீழே பார்ப்போம்.

## மாதிரிக் கணக்கு

டெல்டாப் பகுதியில் 3 கி.மீ. நீளம், 3.75 மீட்டர் அகலம் உள்ள ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள எண்கள் கணக்கு முறையைக் காட்டுவதற்கானவை; உங்கள் மாவட்ட விலைப்பட்டியலையும் எண்ணிக்கையையும் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 350 டூவீலர், 60 கார்-ஆட்டோ-லோடு வண்டி, 35 டிராக்டர், 10 பேருந்து, 10 லாரி. மொத்தம் 465. சாலை சீரானால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர், ஸ்பிரிங், டீசல் என்று மிச்சமாவது முறையே ரூ.0.60, 2.50, 4, 7, 8 என்று வைப்போம். 3 கி.மீ.க்கு நாளுக்கு ரூ.1,950, ஆண்டுக்கு ரூ.7.1 லட்சம். வண்டிகளில் போகும் சுமார் 1,060 பேருக்கு ஆளுக்கு 4 நிமிடம் மிச்சம். வேலைக்கும் சொந்தக் காரியத்துக்கும் போவோரைச் சேர்த்துச் சராசரியாக மணிக்கு ரூ.30 என்றால் ஆண்டுக்கு ரூ.7.7 லட்சம். இரண்டும் சேர்ந்து சுமார் ரூ.14.9 லட்சம்.

இது வழவழப்பால் வரும் பலன். இனி மூடிக்கிடக்கும் நாட்கள். ஆண்டுக்கு 12 நாள், மாற்றுப் பாதையில் 9 கி.மீ. கூடுதல். வண்டிச் செலவு நாளுக்கு ரூ.25,400, ஆளுக்கு 25 நிமிடத் தாமதத்தின் மதிப்பு ரூ.13,250. 12 நாளுக்கு ரூ.4.6 லட்சம், கெட்டுப்போகும் பாலுக்கும் விலை இறங்கும் நெல்லுக்கும் கொஞ்சம் சேர்த்தால் ரூ.5 லட்சம். 365 நாள் வழவழப்புக்கு நிகரான பலனில் மூன்றில் ஒரு பங்கை, 12 நாள் அடைப்பை நீக்குவதே தந்துவிடுகிறது.

செலவு அனுமானம்: தாழ்விடத்தை உயர்த்தி இரண்டு குழாய்ப் பாலம் கட்ட ரூ.25 லட்சம், 20 மி.மீ. மேல்பூச்சும் அதன் மேல் நீர் புகாமல் மூடும் சீல் கோட்டும் கி.மீ.க்கு ரூ.12 லட்சம், வலுப்படுத்தல் ரூ.40 லட்சம், கான்கிரீட் ரூ.75 லட்சம். ஜிஎஸ்டி போன்ற வரிகள் அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதால், பொருளாதாரச் செலவு எஸ்டிமேட்டில் 0.9 பங்கு. போக்குவரத்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளரும். மேற்பரப்பு நாளாக ஆகக் கெடுவதால், ஆண்டு வழவழப்புப் பலனில் மேல்பூச்சுக்கு 75, வலுப்படுத்தலுக்கும் கலப்புக்கும் (பாலம், கெட்ட பகுதிக்கு மட்டும் வலுப்படுத்தல், மற்றதற்கு மேல்பூச்சு) 85, கான்கிரீட்டுக்கு 95 சதவீதம் எடுத்திருக்கிறோம். பத்தாண்டு ஆயுளுள்ள கலப்பு, முழு வலுப்படுத்தல் வழிகளில் 6-ஆம் ஆண்டு மேல்பூச்சு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சில்லறைப் பராமரிப்பு எல்லா வழிக்கும் ஒன்றே என்று கொண்டது.

| வழி | முதல் செலவு (ரூ. லட்சம்) | ஆயுள் (ஆண்டு) | பலன்–செலவு விகிதம், 12% | 9% | ஆண்டு நிகரப் பலன், 12% (ரூ. லட்சம்) |
|---|---|---|---|---|---|
| தாழ்விடமும் பாலமும் மட்டும் | 25 | 10 | 1.51 | 1.73 | +2.0 |
| மேல்பூச்சு, அடித்தளம் நன்று | 36 | 5 | 1.36 | 1.47 | +3.2 |
| மேல்பூச்சு, அடித்தளம் கெட்டது | 36 | 2 | 0.60 | 0.62 | −7.7 |
| கலப்பு: பாலம் + 0.8 கி.மீ. வலுப்படுத்தல் + 2.2 கி.மீ. மேல்பூச்சு | 83 | 10 | 1.31 | 1.46 | +5.1 |
| பாலம் + முழு வலுப்படுத்தல் | 145 | 10 | 0.82 | 0.92 | −4.7 |
| பாலம் + முழுக் கான்கிரீட் | 250 | 20 | 0.88 | 1.12 | −3.5 |

விகிதம் 1-க்கு மேல் இருந்தால் போட்ட காசு ஊருக்குத் திரும்புகிறது. ஆயுள் வேறுபடும் வழிகளை மொத்தப் பலனை வைத்து நேரடியாக ஒப்பிடக் கூடாது. அதற்குத்தான் அட்டவணையின் கடைசி நெடுவரிசை: நிகரப் பலனை ஆயுளுக்குப் பிரித்து ஓர் ஆண்டுக்கு இவ்வளவு என்று காட்டுகிறது. பாலத்துக்கு விகிதம் அதிகம், கலப்புக்கு நிகரப் பலன் அதிகம். ஒன்றியத்தில் முப்பது சாலைக்கு நிதி போதாமல் இருந்தால் விகிதப்படி வரிசைப்படுத்துங்கள். அப்போது பாலங்கள் முன்னால் வரும். ஒரே சாலைக்கு நிதி உறுதி என்றால் நிகரப் பலன் அதிகமுள்ளதை எடுங்கள்.

## மேல்பூச்சு

சரியான சாலையில், சரியான நேரத்தில் செய்தால் இதைப்போல மலிவான வேலை இல்லை. அடித்தளம் உறுதியாக இருக்கும்போது கி.மீ.க்கு ரூ.12 லட்சம் செலவழிக்காமல் இரண்டு மழைக்காலம் தள்ளிப்போட்டால், பின்னர் ரூ.40 லட்சம் தேவைப்படும். உலக வங்கியின் 1994 உலக வளர்ச்சி அறிக்கை ஆப்பிரிக்கா பற்றிச் சொன்னதும் இதுதான்: 1,200 கோடி டாலரைக் காலத்தில் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டாலர் மறுகட்டுமானச் செலவு மிச்சமாகியிருக்கும்.

அதே மேல்பூச்சு, கெட்ட அடித்தளத்தின் மேல் விழுந்தால் அட்டவணையில் உள்ளபடி 0.60. போட்ட ஒரு ரூபாயில் 40 பைசா மண்ணோடு போகிறது. முதல் மாதப் புகைப்படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மறைசெலவுகள்: குழிகளைச் செவ்வகமாக வெட்டி, சுத்தம் செய்து, டேக் கோட் (ஒட்டுவதற்கான மெல்லிய தார்ப் பூச்சு) அடித்து நிரப்பாமல் மேலேயே பரப்பினால், பழைய குழி இருந்த இடத்திலேயே புதுக்குழி வரும். பெர்ம் மண் சாலையைவிட உயர்ந்து நின்றால் தண்ணீர் தார் மேலேயே தங்கும். 3 சதவீதச் சாய்மானம் என்றால் 3.75 மீட்டர்ச் சாலையின் நடுப்பகுதி விளிம்பைவிட 56 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும், ஒரு நூலும் ஸ்கேலும் இருந்தால் யாரும் அளக்கலாம். கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்களைத் தார் மேல் ஓட விட்டால் ஐந்தாண்டு ஆயுள் பாதியாகிவிடும். கிராம சபையில் தீர்மானம் போட்டுத் தடுப்பதற்குச் செலவே இல்லை.

## முழு வலுப்படுத்தல்

பழைய சாலை மேல் 75 மி.மீ. கப்பி இரண்டு அடுக்கு, அதன் மேல் தார். சோதனைக் குழிகளில் பாதிக்கு மேல் களிமண் கலந்திருந்தால் கலப்பு வழி எடுபடாது. இதற்குத்தான் வர வேண்டும். மேலே எடுத்த சாலையில் 12 சதவீதத்தில் விகிதம் 1-ஐத் தொட நாளுக்குச் சுமார் 570 வண்டி தேவை. புதிதாக ஒரு கொள்முதல் நிலையமோ ரைஸ்மில்லோ வந்து லாரி எண்ணிக்கை கூடினால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே எட்டும்.

பாறைக் குவாரி தூரமாக உள்ள டெல்டா, ராமநாதபுரம் பகுதிகளில் செலவைத் தீர்மானிப்பது ஜல்லியின் லீடு தூரம்தான், அதாவது குவாரியிலிருந்து பணியிடத்துக்கு ஏற்றிவரும் தூரம். பணி நடக்கும்போது ஜல்லி லாரிகளே அணுகுசாலையை உடைத்துவிடும். அந்தப் பழுதுக்கு எந்த எஸ்டிமேட்டிலும் இடம் இருக்காது. உயரம் கூடுவதும் செலவுதான். 150 மி.மீ. கப்பியும் தாரும் ஏறியபின் வயலுக்கு இறங்கும் ஒவ்வொரு வழியும் சரிவாகும். குடியிருப்புப் பகுதியில் வீட்டு வாசல் தாழ்ந்து மழைநீர் உள்ளே போகும். அங்கே பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பழைய தளத்தையே இயந்திரத்தால் பொடித்து, சிமென்ட் கலந்து, அங்கேயே இறுக்கும் முறை உத்தரப் பிரதேசத்தில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் பெரிய அளவில் செய்யப்பட்டது. ஜல்லி தூரமாக உள்ள ஒன்றியங்களுக்கு இது பொருந்தும். ஆனால் அந்த இயந்திரத்தை 3 கி.மீ.க்காகக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. பல சாலைகளை ஒரே தொகுப்பாக டெண்டர் விட வேண்டும்.

## கான்கிரீட்

12 சதவீதத்தில் 0.88, 9-இல் 1.12, 6-இல் 1.47. நன்மை முழுதும் பிற்கால ஆண்டுகளில் இருப்பதால் இவ்வளவு ஆட்டம். போக்குவரத்து வளரவே இல்லை என்று வைத்தால் 12 சதவீதத்தில் 0.64-க்கு இறங்கிவிடும். அதே சூழலில் முழு வலுப்படுத்தல் 0.68, கலப்பு 1.09. எந்த வீதத்தை எடுத்தாலும், வளர்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1-க்கு மேல் நிற்பதால்தான் கலப்பை முன்வைக்கிறோம்.

இருந்தாலும் கான்கிரீட்டை அடித்துக்கொள்ள வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு: வீட்டுக் கழிவுநீர் ஓடும் ஊர்த்தெரு, ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்கும் தரைப்பாலத்தின் இரு அணுகுபுறங்கள், டிராக்டர்கள் திரும்பும் களத்து முனை. தாருக்கு எதிரி தண்ணீர். தினமும் நனையும் இடத்தில் மேல்பூச்சு ஓராண்டு கூட நிற்காது. 3 கி.மீ.யில் அப்படிப்பட்ட 200, 300 மீட்டரை மட்டும் கான்கிரீட் ஆக்குவது கணக்குக்கு ஒத்துவரும்.

குடிநீர்க் குழாய் போடுவதற்கு முன்பே கான்கிரீட் போடுவதுதான் இதில் பெரிய மறைசெலவு. ஜல் ஜீவன் திட்ட இணைப்புக்காகப் புதுச் சாலையை வெட்டிய கோடு, ஒட்டுப்போட்ட பிறகும் வெடிப்பாகவே இருக்கும். குழாயும் கேபிள் செல்லும் உறையும் முதலில், சாலை பிறகு. மற்றவை: கனரக வண்டிக்கு 28 நாள் வழி அடைப்பு (அறுவடை மாதத்தில் அது தனி நஷ்டம்), நீராற்றத் தண்ணீர், உரிய நேரத்தில் குறுக்கு மூட்டு வெட்டுதல். மூட்டு வெட்டாமல் விட்ட கான்கிரீட் பலகை தானே தனக்கு வெடிப்பை வரைந்துகொள்ளும். கரிசல் மண்ணில் கீழே மண்ணை மாற்றாமல் போட்டால் பலகைகள் தூக்கிக்கொள்ளும், அங்கே ரூ.75 லட்சம் என்பது தொடக்க விலைதான்.

## பலனை ஊதிப் பெருக்கும் தவறுகள்

பயணச் செலவு குறைந்தது என்று ஒரு முறை எண்ணிவிட்டு, அதே காரணத்தால் நிலத்தின் விலை ஏறியது, நெல்லுக்குக் கூடுதல் விலை கிடைத்தது என்று மறுபடி சேர்ப்பது இரட்டைக் கணக்கு. விவசாயிக்குக் கிடைக்கும் கூடுதல் விலை பெரும்பாலும் மிச்சமான வண்டிவாடகைதான். வண்டியே போகாத ஊருக்கு முதன்முதலாகச் சாலை போடும்போது மட்டும் விளைச்சல் அடிப்படையிலான கணக்கு பொருந்தும். அப்போதும் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

சாலை வந்தால் விவசாயம் செழிக்கும் என்று அறிக்கையில் எழுதுமுன் ஒன்றைக் கவனியுங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை பெற்ற ஊர்களை மக்கள்தொகை வரம்பை வைத்து ஒப்பிட்டு சாம் ஆஷரும் பால் நோவோசாதும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு ஆண்டு கழித்து ஆட்கள் விவசாயத்திலிருந்து வேறு வேலைக்குப் போவது கூடியதையும், விளைச்சலிலும் வருமானத்திலும் பெரிய மாற்றம் இல்லாததையும் கண்டது. அவர்களே இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில் நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை 7 சதவீதம் கூடியது தெரிந்தது. ஆக, சாலையின் பலன் நகரத்து வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பயணத்தில்தான் முதலில் தெரியும். வெளியூர் வேலைக்குப் போகும் டூவீலர்களையும் பேருந்துப் பயணிகளையும் கவனமாக எண்ணச் சொல்வது இதனால்தான்.

சாலை நன்றானதும் புதிதாகத் தொடங்கும் பயணத்துக்குப் பாதிப் பலன்தான் எழுத வேண்டும். முன்பு அந்தப் பயணமே தேவையில்லை என்று அவர்கள் விட்டிருந்தார்கள் அல்லவா. 108 ஆம்புலன்ஸ் சேரும் நேரம், கர்ப்பிணிகளின் பயணம் ஆகியவற்றை ரூபாயாக்க முயல வேண்டாம். தனித் தாளில் எழுதி, இரண்டு சாலைகளின் விகிதம் நெருக்கமாக வரும்போது அதை வைத்து முடிவெடுங்கள்.

நாளுக்கு 200 வண்டிக்கும் கீழே என்றால் வழவழப்புப் பலனை நம்பி எந்த முழுநீள வேலையும் நிற்காது. 50 முதல் 200 வண்டி ஓடும் சாலைகளை மனதில் வைத்தே உலக வங்கி ரெட் என்ற எளிய கணக்குத் தாளை உருவாக்கியது. அதில் மூடிக்கிடக்கும் நாட்களுக்கென்றே இடம் உண்டு. அத்தகைய சாலையில் பாலம், வடிகால், தாழ்விட உயர்வு ஆகியவற்றை மட்டும் செய்து, மற்ற நீளத்தை நல்ல சாய்மானமுள்ள கிராவல் சாலையாகவே வைத்திருப்பது நேர்மையான தேர்வு. ஊரில் எதிர்ப்பு வரும். அப்போது மேலே உள்ளது போன்ற அட்டவணையைச் சபையில் வைத்து, மிச்சமாகும் தொகை எந்தப் பாலத்துக்குப் போகிறது என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

வேலை வரிசையில் ஒரு எச்சரிக்கை. பாலத்தையும் உயர்த்திய மண்ணையும் செப்டம்பருக்குள் முடித்து, ஒரு பருவமழை அதன் மேல் பெய்யட்டும். மண் அமர்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்தபின், பிப்ரவரி–மார்ச்சில் தார் போடுங்கள். புதிதாக உயர்த்திய மண்ணின் மேல் அதே மாதம் தார் போட்டால், முதல் மழையிலேயே பாலத்தின் இரு பக்கமும் உள்வாங்கும். அந்தப் பள்ளத்தில் தேங்கும் நீரிலிருந்துதான் அடுத்த பழுது தொடங்கும். இந்த இடைவெளிக்கு இடம் கொடுக்காத டெண்டர் என்றால் பாலத்தையும் தாரையும் இரண்டு பணிகளாகப் பிரித்து விடுங்கள்.